வெள்ளிச் சொம்பில் உறை மண்

ஓசன்னாபுரம் ஆலயத்தைப் பசுமை ஆலயமாக மாற்றுவது என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. போட்ட மறுநாளே, 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம், பூமியைக் காப்போம்' என்று ஆலய வாசலில் பனைமர உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் எழும்பி நின்றது. அதில் கமிட்டி உறுப்பினர்கள் அத்தனை பேருடைய முகமும் இருந்தது. செயலர் அருமைநாயகத்தின் முகம் மட்டும் மற்ற முகங்களைவிட இரண்டு மடங்கு பெரியது. காப்பாற்றப்பட வேண்டிய பூமி, கீழ் மூலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது.

அடுத்த வாரம் மதில்சுவர் முழுக்கப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். ஆயில் பெயின்ட். அந்த நாற்றத்தில் பாடகர் குழுவே மூக்கைப் பொத்திக்கொண்டு பாடியது. கிறிஸ்துமஸ் குடிலுக்குத் தெர்மாகோல் கூடாது என்றார்கள். அதற்குப் பதிலாக ரப்பரில் செய்த வைக்கோல் வாங்கினார்கள். நிஜ வைக்கோல் கிடைக்காத ஊரா என்று கேட்டால், அது குப்பையாகும் என்று பதில் வந்தது.

இவ்வளவு கூத்துக்கும் காரணம் பூமியின் மேல் உண்டான பாசம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். காரணம் இலை. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று பார்க்காமல் அரசாங்கம் எல்லாவற்றுக்கும் கரிவரம்பு வைத்திருந்த காலம் அது. எவ்வளவு மின்சாரம், எத்தனை வண்டி, எவ்வளவு சிமென்ட், எவ்வளவு குப்பை என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து, ஒன்றிலிருந்து ஐந்து இலை வரை கொடுப்பார்கள். ஐந்து இலை வாங்கிய தலத்துக்கு மட்டும் வழிபாட்டு நேரத்தில் ஏசி ஓட்ட அனுமதி உண்டு. அதாவது, பூமியைச் சூடாக்காமல் இருந்ததற்குப் பரிசு, பூமியைச் சூடாக்க ஒரு லைசென்ஸ். இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

ஓசன்னாபுரமோ தேரிக்காட்டுச் செம்மணலில் இருக்கிறது. பங்குனி பிறந்தால் வெயில் ஐம்பதைத் தொட்டுவிடும். பக்கத்து ஊர் ஆலயம் ஐந்து இலை வாங்கி ஜில்லென்று இருந்தது. நம் ஆலயத்துக்கு மூன்று இலைதான். முன்வரிசைக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆராதனைக்குப் பக்கத்து ஊருக்குக் காரில் போக ஆரம்பித்தார்கள். காணிக்கையும் கூடவே போயிற்று. அப்புறம் கமிட்டிக்குப் பூமியின் மேல் பாசம் வராமல் என்ன செய்யும்?

செயலர் அருமைநாயகம் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். ஊரில் முதன்முதலாக ஞானஸ்நானம் எடுத்த குடும்பம், மணிக்கூண்டு கட்டிக்கொடுத்த குடும்பம் எல்லாம் அவருடையதுதான். நல்ல மனிதர், ஒரு வியாதியைத் தவிர. யார் பேச ஆரம்பித்தாலும் பாதியில் பிடுங்கி, தானே முடித்து வைப்பார். கேள்வியும் கேட்டு, பையன் வாய் திறப்பதற்குள் பதிலும் சொல்லியே பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளியவர். ஜெபத்தில் ஆண்டவர் குறுக்கே பேசுவதில்லை என்பதால்தான் ஆண்டவரோடு அவருக்கு அவ்வளவு ஒட்டுதல் என்று ஊரில் சொல்வார்கள்.

மிச்சமிருந்த இரண்டு இலையையும் தின்றுகொண்டிருந்தது கல்லறைத் தோட்டம். சிமென்ட், கிரானைட், பளிங்கு, மேலே இரண்டு தேவதூதர்கள் என்று ஒவ்வொரு குடும்பமும் போட்டி போட்டுக் கட்டி வைத்திருந்தது. தோட்டத்தின் நடுவே குறுக்காக ஒரு சுவர். முன்பக்கம் பழைய குடும்பங்களுக்கு, பின்பக்கம் தெற்குத்தெருக்காரர்களுக்கு. சுவர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஆடு வராமல் இருக்க என்று சொல்வது வழக்கம். செம்மறியாட்டையும் வெள்ளாட்டையும் பிரிக்கிற வேலையை ஆண்டவர் கடைசி நாளுக்கென்று வைத்திருக்கிறார். ஓசன்னாபுரம் கமிட்டி அவருக்கு அந்தச் சிரமத்தைப் பாதி குறைத்து வைத்திருந்தது.

இந்த நேரத்தில்தான் மண்பேழை வந்தது. பிஷப்பின் ஆளுகைக்கு உட்பட்ட திருமண்டலத்திலேயே முதல் பேழை நம் ஊருக்குத்தான் வர வேண்டும் என்று அருமைநாயகம் நடையாய் நடந்து வாங்கினார். பார்க்கப் பெரிய குதிர் மாதிரி இருக்கும். உள்ளே உடலை வைத்து, காய்ந்த பனையோலை, வைக்கோல், சருகு எல்லாம் போட்டு மூடிவிட்டால், சில வாரங்களில் திறக்கும்போது உடல் இருக்காது, எலும்பு இருக்காது, கறுப்பாக, ஈரமாக, மழை பெய்த வாசனையோடு மண் இருக்கும். குழி வேண்டாம், சிமென்ட் வேண்டாம், விறகு வேண்டாம். அந்த மண்ணில் ஒரு மரம் நட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பிஷப் வந்து ரிப்பன் வெட்டி, 'நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்' என்று பிரசங்கம் செய்தார். சபையார் கண்ணீர் மல்கக் கேட்டார்கள். ஆனால் மண்ணுக்குத் திரும்ப ஒருவரும் முன்வரவில்லை. அந்த வருஷம் செத்துப்போன முன்வரிசைப் பெரியவர்கள் எல்லாருமே, மூச்சு நிற்பதற்கு முன்பு கல்லறையில்தான் படுப்பேன் என்று பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்களாம். கோமாவில் கிடந்தவர்கூட வாங்கியிருந்தார்.

அப்போது தெற்குத்தெரு ஞானப்பூ இறந்துபோனாள்.

ஞானப்பூ ஆலயம் பெருக்கியவள். கல்யாணமாகி வந்த நாள் முதல் கை தளர்கிற வரை அந்த வேலைதான். பிஷப் ஏறிவரும் முன்வாசல் படியைத் தினமும் கழுவிவிட்டு, சுற்றிப் போய் வடக்கு வாசல் வழியாக உள்ளே நுழைவாள். அவள் மகன் ஏசுவடியான் பஸ் நிறுத்தத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தான். அவன் கமிட்டி முன்னால் வந்து நின்று, பின்பக்கம் ஒரு குழிக்குக்கூட இடமில்லை, முன்பக்கம் சுவர் ஓரமாக ஒரு ஆள் இடம் கொடுங்கள் என்று கேட்டான்.

கமிட்டிக்காரர்கள் செயலரைப் பார்த்தார்கள். பிறகு அருமைநாயகம் எழுந்தார். நிலத்தடி நீர் பற்றிப் பேசினார். மண்ணின் நுண்ணுயிர் பற்றிப் பேசினார். குழி தோண்டுவது பூமித்தாயின் நெஞ்சில் குத்துவது என்றார். சிமென்ட் என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. சுற்றுச்சூழல் என்றால் என்ன என்பது அவருக்கே அன்று சாயங்காலம்தான் முழுசாகப் பிடிபட்டது. முடிவாக, ஞானப்பூ அம்மாளுக்கு மண்பேழையின் முதல் பாக்கியத்தைக் கொடுத்துக் கௌரவிப்பது என்று தீர்மானமாயிற்று. ஏசுவடியான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நன்றி சொல்ல வேண்டாம்ப்பா, இது சபையோட கடமை" என்று அருமைநாயகம் அவனுக்காக முடித்து வைத்தார்.

முதல் பேழை லேசில் மசியவில்லை. பேழை செய்த கம்பெனி ஆட்கள் வந்து வந்து பார்த்தார்கள். தேரி மணலுக்கும் இந்த வெயிலுக்கும் தோதான நுண்ணுயிர் கூடி வர மாதக்கணக்கில் ஆயிற்று. கடைசியில் திறந்தபோது, கம்பெனிக்காரர்களே கையில் அள்ளி முகர்ந்து பார்த்து நின்றார்கள். ஏசுவடியான் அந்த மண்ணைத் தன் வீட்டு முற்றத்தில் கொட்டி முருங்கையும், முருங்கையைச் சுற்றி வெற்றிலைக் கொடியும் வைத்தான். உடைமரத்தைத் தவிர வேறெதுவும் உருப்படாத செம்மணலில் வெற்றிலை உள்ளங்கை அகலத்துக்குத் தளதளவென்று படர்ந்தது. வேடிக்கை பார்க்க முன்வரிசைக் குடும்பங்களே தெற்குத்தெருவுக்குள் வந்தன. சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை.

அப்புறம் என்ன, எல்லாருக்கும் பேழை வேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் ஞானப்பூ கிடந்த பேழையில் எப்படிக் கிடப்பது? கமிட்டி கூடி இரண்டாவது பேழை ஒன்று வாங்கியது. புதிது மேலப் பேழை, பழையது கீழப் பேழை. மேலப் பேழை மண்ணுக்கு ஆலயத்தின் கிழக்கே தோட்டம். கீழப் பேழை மண்ணை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நாலாவது இலை வந்தது. கமிட்டி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னது. ஐந்தாவது இலைக்கு ஒரு வருஷம்தான் பாக்கி.

அருமைநாயகத்தின் தாயார் அன்னப்பழம் அந்தச் சமயத்தில்தான் படுக்கையில் விழுந்தார். தொண்ணூறு தாண்டிய உடம்பு. புத்தி மட்டும் கத்தரிக்கோல் மாதிரி இருந்தது. அவருக்கு ஊருக்குத் தெரியாத ஒரு பழக்கம் உண்டு, வெற்றிலை. மணிக்கூண்டுக் குடும்பத்துப் பெண் வெற்றிலை போடுவதாவது என்று கணவர் இருந்த காலத்தில் வீட்டில் தடை. அதனால் ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, ஜெபிக்கப் போகிறேன் என்று மணிக்கூண்டுக்குப் பின்னால் போவார். அங்கே ஞானப்பூ துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்த வெற்றிலையோடு காத்திருப்பாள். இரண்டு பேரும் சப்பணமிட்டு உட்கார்ந்து, மென்று, ஊர்க்கதை முழுவதையும் பேசித் துப்புவார்கள். பிரசங்கத்தைவிட அது தனக்கு ஆறுதலாக இருந்தது என்று அன்னப்பழம் மகனிடம் ஒருநாள் சொல்லி, மகன் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்.

இப்போது அவர் மகனைக் கூப்பிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னார்.

"ஏல அருமை, என்னைய ஞானப்பூ போன பெட்டியில போடு."

"அம்மா, அது கீழப் பேழை. நமக்கு மேலப் பேழை இருக்கு."

"கீழயோ மேலயோ, பேச்சுத் தொணைக்கு ஆளு வேணும்ல. உன் மேலப் பெட்டியில போன எவகிட்டயும் எனக்குப் பேச ஒண்ணுமில்ல."

அருமைநாயகம் தலையை ஆட்டினார். காய்ச்சலில் பிதற்றுகிறார் என்று மனைவியிடம் சொன்னார். தர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லை.

என்றாலும் ஒரு பயம் தொற்றிக்கொண்டது. பேழைகளைப் பராமரிக்கக் கம்பெனியிலிருந்து பெனிட்டா என்று ஒரு பெண் மாதாமாதம் வருவாள். இளவயது, காரியக்காரி. மேலப் பேழை சுத்தமாக இருக்கிறதா, வேறு மண் ஏதும் கலக்க வழியில்லையே என்று அவளிடம் விசாரித்தார்.

"உறை மண்ணைத் தவிர வேற எதுவும் கலக்காது ஐயா" என்றாள் அவள்.

"உறை மண்ணா?"

"தயிருக்கு உறை ஊத்துதோம்லா, அது மாதிரி. போன தடவை மண்ணுல ஒரு சட்டி எடுத்து வச்சி, அடுத்த ஆளுக்குப் போடணும். அதுல இருக்க நுண்ணுயிர்தான் வேலை பாக்கும். அது இல்லன்னா உடம்பு மண்ணாவாது, அழுகத்தான் செய்யும்."

"சரி, புதுப் பேழைக்கு முதல் உறை?"

"பழைய பேழையில இருந்துதான் ஐயா. ஞானப்பூ அம்மா மண்ணு."

அருமைநாயகம் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மேலப் பேழையில் இதுவரை போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். ரைஸ் மில் முதலாளி. முன்னாள் பொருளாளர். தெற்குத்தெருக்காரர் கை பட்ட தம்ளரைக் கடைசி வரை தொடாமலே செத்த பெரிய டாக்டர். எல்லாரும் ஞானப்பூவின் உறையில் தோய்ந்து கிழக்குத் தோட்டத்தில் மாதுளையாகவும் கொய்யாவாகவும் நிற்கிறார்கள். ஞாயிறு தோறும் சபையார் அந்தக் கொய்யாவை ஏலத்தில் எடுத்துத் தின்கிறார்கள். இது வெளியே தெரிந்தால் இலை இல்லை, தலையே இருக்காது.

தன் தாய்க்காவது வேறு உறை வேண்டும் என்றார். புதிதாக உண்டாக்கினால் மாதக்கணக்காகும் என்றாள் பெனிட்டா. அப்போது அவருக்கு முப்பது மைல் தள்ளி, பிஷப்பின் இருப்பிடமான பேராலயம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் பேழை இருக்கிறது. போன வருஷம் காலமான பிஷப்பே அதில்தான் இறங்கினார். பிஷப் மண்ணைவிடச் சுத்தமான உறை எங்கே கிடைக்கும்?

"ஐயா, அந்தப் பேராலயத்து உறை வந்து..." என்று பெனிட்டா ஆரம்பித்தாள்.

"வந்து சேர வேண்டியது உன் பொறுப்பில்ல, எம்பொறுப்பு. வெள்ளிச் சொம்பு நானே ஏற்பாடு பண்ணுதேன்" என்று முடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்னப்பழம் அந்த வாரமே கண்ணை மூடினார். அருமைநாயகம் தாங்க முடியாமல் அழுதார். அதில் பொய்யில்லை, தாய் மேல் உயிரையே வைத்திருந்தவர் அவர். அந்தப் பாசத்தில்தான் உலகத்திலேயே உசந்த உறையில் தாயைச் சேர்க்க வேண்டும் என்று நின்றார். பேராலயத்துச் சம்மதம் வரும் வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்த ஐஸ் பெட்டிக்கு ஜெனரேட்டர் ராப்பகலாக ஓடிய கரியை எந்த இலைக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை. மேலப் பேழையின் உட்புறத்தைப் பினாயில் ஊற்றி அவரே கழுவி வைத்தார். பெனிட்டா வந்து தலையில் அடித்துக்கொண்டு, மறுபடி தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

உறை மண் வந்த நாளை ஓசன்னாபுரம் மறக்காது. வெள்ளிச் சொம்பு, அதன் மேல் வெள்ளைப் பட்டு, பின்னால் ஊர்வலமாகக் கார்கள். ஊர் எல்லையில் பேண்டு செட் காத்திருந்தது. நம் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். நம் ஆலயத்து ஐயர் அங்கி போட்டு எதிர்கொண்டு வந்து சொம்பை வாங்கி அருமைநாயகத்தின் கையில் கொடுத்தார். பிஷப் வந்தால் மட்டும் எடுக்கிற ஜிகினாக் குடையை எடுத்தார்கள். வெயிலில் அதைத் தூக்கி வர முன்வரிசைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏசுவடியான் கடையைப் பூட்டிவிட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்து நின்றான்.

"குடைய நான் பிடிக்கேன் சார்."

அருமைநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மாவைக் கீழப் பேழைக்குக் கொடுத்த மனஸ்தாபம் எதுவும் இல்லாமல் வந்து நிற்கிறானே, இதல்லவா கிறிஸ்தவத் தாழ்மை என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். முன்வாசல் கதவு இரண்டையும் அகலத் திறந்தார்கள். சபை எழுந்து நின்றது. சொம்பு நடுவழியே போய்ப் பீடத்தின் முன்னால் இறங்கியது. குடை பிடித்த கை ஒருதரம்கூட ஆடவில்லை.

வாரங்கள் ஓடின. அன்னப்பழம் மண்ணாகி வெளியே வந்தார். மண்ணை ஒப்படைக்கும் நாளும் ஐந்தாவது இலை கொடுக்கும் நாளும் ஒன்றாக அமையும்படி அருமைநாயகம் பார்த்துக்கொண்டார். கிழக்குத் தோட்டத்தில் பந்தல். தாயின் மண்ணில் நடுவதற்கு ஒலிவங்கன்று ஒன்று, வேதத்தில் இருக்கிற மரம் என்பதற்காக ஏழு கடல் தாண்டி விமானத்தில் வந்திருந்தது. அது வந்து இறங்கிய நாளிலேயே வாடிப்போய் நின்றது.

கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் பேழை வைத்திருந்த கொட்டகையில் பெனிட்டா மண்ணைப் பிரம்புக் கூடையில் அள்ளிக் கொடுத்தாள். கூடையைப் பந்தலுக்குத் தூக்கிப்போக ஏசுவடியானும் வந்திருந்தான். அருமைநாயகம் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கண் கலங்கியது.

"எங்கம்மா குடுத்து வச்சவ. பிஷப்பு உறையில போனா."

பெனிட்டா தயங்கினாள். "ஐயா, அன்னைக்கே சொல்ல வந்தேன். நீங்க விடல."

தாயின் மண் கையில் இருந்ததாலோ என்னவோ, அன்றைக்கு மட்டும் அவர் குறுக்கே பேசவில்லை. சொல்லு என்றார்.

"இந்தத் திருமண்டலத்துக்கே முதல் பேழை நம்ம ஊருக்குத்தான வந்திச்சு. பேராலயத்துப் பேழைக்கு உறை இங்க இருந்துதான் போச்சு. கீழப் பேழையில இருந்து. சுத்துப்பட்டுல எந்த ஆலயத்துப் பேழையத் தொறந்தாலும் ஆதி உறை ஞானப்பூ அம்மாதான் ஐயா."

"அப்போ பிஷப்பு?"

"அவுகளும்தான்."

அருமைநாயகத்துக்கு முதலில் வந்தது கோபம். யார் மேல் என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். ஏசுவடியான் கூடைக்குச் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமாடே?"

"தெரியும் சார். பேராலயத்துல இருந்து வந்து, உங்கம்மா மண்ணுல ஒரு சட்டி எடுத்துக்கிடட்டுமான்னு எங்கிட்டதான கேட்டாவ. மகன் சம்மதம் வேணும்லா."

"பெறகு ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

ஏசுவடியான் சும்மாட்டைத் தலையில் வைத்துச் சரி பார்த்துக்கொண்டே பேசினான். குரலில் சூடும் இல்லை, பணிவும் இல்லை.

"எங்கம்மா காலமெல்லாம் அந்த முன்வாசப் படியக் கழுவிட்டு, வடக்கு வாச வழியாத்தான் உள்ள போனா. நீங்க அவள வெள்ளிச் சொம்புல வச்சி, பட்டுப் போத்தி, பேண்டு செட்டோட முன்வாச வழியா கூட்டிட்டுப் போனிய. சபையே எந்திச்சி நின்னுச்சு. பெத்த மகன் நான் குடை பிடிச்சேன். அத நான் ஏன் சார் வாயத் தொறந்து கெடுக்கணும்?"

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவன் பந்தலைப் பார்த்து நடந்தான்.

அருமைநாயகம் அங்கேயே நின்றார். கோபம் போய் வெட்கம் வந்தது. இவன் ஒரு ஆள் இடம் கேட்டு நின்ற அன்று தான் பேசிய பேச்சு, வரி பிசகாமல் காதில் விழுந்தது. கூடவே தாயின் குரலும் விழுந்தது. ஞானப்பூ போன பெட்டியில போடு என்றார் அம்மா. அதைக் கேட்கவே கூடாது என்று ஊரையே கூட்டி, வெள்ளிச் சொம்பு வாங்கி, பினாயில் ஊற்றி என்னென்னவோ செய்தார். கடைசியில் அம்மா சொன்ன இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். முப்பது மைல் சுற்றி. அவருக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது.

மேடையில் ஐந்தாவது இலையைக் கொடுத்தார்கள். செயலர் இப்போது உரையாற்றுவார் என்று ஐயர் அறிவித்தார். சட்டைப்பையில் 'தூய மண், தூய சபை' என்ற தலைப்பில் ஒரு மணி நேரத்துக்கான உரை தயாராக இருந்தது. அருமைநாயகம் அதை எடுக்கவில்லை.

"எங்கம்மாவுக்குப் பேச்சுத் தொணை கெடச்சிட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பரலோகத்தைச் சொல்கிறார் என்று எண்ணிச் சபையார் ஆமென் சொன்னார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவர் ஏசுவடியானைத் தேடிப் போய், ஒரு வெற்றிலை இருக்குமா என்று கேட்டதை அதிகம் பேர் பார்க்கவில்லை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவரை இடித்துவிட வேண்டும் என்று அருமைநாயகம் தீர்மானம் கொண்டுவந்தார். ஜெபத்தோடு தொடங்கியதால் வழிபாட்டுக் கணக்கில் ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். புதுப் பொருளாளர் எழுந்தார். சுவரை இடித்தால் தூசி கிளம்பும் என்றார். சிமென்ட் கழிவு சேரும், அது பூமித்தாயின் நெஞ்சில் குத்துவது போல என்றார். ஒரு இலையாவது போகும். சுற்றுச்சூழலை முன்னிட்டு இதை ஒத்திவைக்கலாம் என்று முடித்து, நம் செயலர் கற்றுக்கொடுத்ததுதானே இதெல்லாம் என்று கும்பிடும் போட்டார். அருமைநாயகம் பதில் சொல்ல நினைத்தார். வாய் நிறைய வெற்றிலை இருந்ததால் முடியவில்லை.

அந்த வாரம் ஒலிவங்கன்று பட்டுப்போனது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அருமைநாயகம் ஓர் அத்திக்கன்று வாங்கினார். கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டி, அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே குழி எடுத்தார். தாயின் மண்ணில் ஒரு கூடை போட்டார். ஏசுவடியான் தன் வீட்டு முற்றத்திலிருந்து ஒரு கூடை கொண்டுவந்து போட்டான். அத்தி வேதத்தில் இருக்கிற மரம், யாரும் வாய் திறக்க முடியாது. ஆலயத்தில் மரம் நட்டதற்காக இலைக்காரர்கள் பாராட்டிக் கடிதம் வேறு அனுப்பினார்கள்.

அந்த மண்ணில் அத்தி சும்மா இருக்குமா? இரண்டு மழைக்குள் ஆள் உயரம் தாண்டிவிட்டது. மூன்றாவது மழையில் வேர் சுவருக்குள் புகுந்து, கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. நாலாவது மழையில் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கமிட்டி அவசரமாகக் கூடியது. சுவரைக் காப்பாற்ற வேண்டுமானால் மரத்தை வெட்ட வேண்டும். மரத்தை வெட்டினால் சட்டப்படி ஒரு இலை போகும். இலை போனால் ஏசி போகும்.

சுவரா, ஏசியா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் ஏசி ஜெயித்தது.